சிகரெட்டை விட்டாயிற்றா? ரத்தம் சொல்லட்டும்

எடையைக் குறைக்க ஆபரேஷன் வேண்டும். ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டுமானால் சிகரெட்டை விட வேண்டும். சிகரெட்டை விட்டாலோ எடை ஏறும். அமெரிக்காவில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு விண்ணப்பிக்கும் புகைப்பழக்கக்காரர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இந்தச் சிக்கலில்தான். யாரோ வேண்டுமென்றே வைத்த பொறி போலத் தோன்றும். ஆனால் இந்த மூன்றுக்கும் பின்னால் உடம்புக்குள் நிஜமாகவே ஏதோ நடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், பொறியின் கம்பி எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதும் தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் அனுமதி என்பது அங்கே ஒரு தடித்த ஃபைல். பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) எத்தனை, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா, டயட்டீஷியன் என்ன சொன்னார், மனநல நிபுணர் என்ன எழுதினார் என்று தாள் மேல் தாளாகச் சேரும். புகைப்பவர் என்றால் கூடவே ஒரு லேப் ரிப்போர்ட். எத்தனை வாரம் விட்டிருக்க வேண்டும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். சில பாலிசிகளில் அப்படி ஒரு வரியே இருக்காது. ஆனாலும் அறுவை மருத்துவர் கேட்பார். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதல், முடிந்தால் ஓராண்டுக்கு முன்பே, குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பாவது சிகரெட்டை நிறுத்தச் சொல்கிறது.

சரி, “விட்டுவிட்டேன்” என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்களா? மாட்டார்கள். அதனால்தான் ரத்தம் எடுக்கிறார்கள், அல்லது சிறுநீர் கேட்கிறார்கள்.

லேப் தேடுவது நிகோட்டினை அல்ல. நிகோட்டின் ரத்தத்தில் நிற்காது; 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். நேற்று இரவு புகைத்தவர் இன்று மதியம் வந்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் கல்லீரலில் சி.ஒய்.பி.2ஏ6 என்றொரு நொதி இருக்கிறது. உள்ளே வந்த நிகோட்டினில் பெரும்பகுதியை அது கோட்டினின் என்ற வேறொரு பொருளாக மாற்றி வைக்கிறது. நிகோட்டின் என்பதன் ஆங்கில எழுத்துகளையே கலைத்துப் போட்டு வைத்த பெயர் அது; வேதியியலாளர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. கோட்டினின் பாதியாகக் கிட்டத்தட்ட 16 முதல் 20 மணி நேரம் ஆகும். ஆகவே திருடன் ஓடிப்போன பிறகும் அவனுடைய காலடித் தடம் சில நாள் அழியாமல் கிடக்கும்.

எத்தனை நாள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் ஒரு பாக்கெட் புகைப்பவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 250 நானோகிராம் கோட்டினின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கடைசி சிகரெட்டை அணைக்கிறார். 18 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்றால் திங்கள் மாலை நான்கு மணிக்கு 125. செவ்வாய் காலை 62. புதன் விடிகாலை 31. அன்று இரவே 15 சொச்சம். வியாழன் மாலை 8க்குக் கீழே. பல லேப்கள் புகைப்பவரையும் புகைக்காதவரையும் பிரிக்க நெடுங்காலம் பயன்படுத்திய கோடு 10. சிலர் இப்போது 3 வரை இறக்கிவிட்டார்கள். நம்மவர் சனிக்கிழமை விடியும்போது அந்தக் கோட்டையும் தாண்டி 2க்குப் போய்விடுவார்.

அதாவது ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வார ஞாபகம்தான். அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், சிலருக்குச் சுறுசுறுப்பு. அதைப் பொறுத்து ஓரிரு நாள் கூடும், குறையும். சிறுநீரில் கோட்டினின் அடர்த்தி அதிகம், அதனால் அங்கே கோடும் வேறு. ஆறு வாரம் விட்டிருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு வாரம் மட்டுமே பார்க்கத் தெரிந்த பரிசோதனை எப்படிப் போதும்? போதாது. அதனால்தான் சில மையங்கள் முன்னறிவிப்பில்லாமல் மறுபடியும் ரத்தம் எடுக்கின்றன. குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கொடுப்பவர்களுக்கும் ஒரு தடை உண்டு: சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்து, நீர்த்த சிறுநீர் என்று லேப் கண்டுபிடித்துவிடும்.

“நான் பிடிக்கவில்லை, வீட்டில் ஒருவர் பிடித்தார்” என்பது செல்லுமா? பக்கத்தில் இருந்து சுவாசித்த புகை பொதுவாக 10 என்ற கோட்டை எட்டுவதில்லை. 3 என்றால் கொஞ்சம் கவனம் தேவை. புகையிலையின் உறவுக்காரச் செடியான கத்தரியிலும் துளி நிகோட்டின் இருப்பது நிஜம்தான். ஆனால் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவைக் காயிலிருந்து பெற ஏறத்தாழ 10 கிலோ கத்தரிக்காய் தின்ன வேண்டும். அந்தச் சாக்கு எடுபடாது.

உண்மையிலேயே மாட்டிக்கொள்பவர்கள் வேறு ஆட்கள். நேர்மையாகச் சிகரெட்டை விட்டு, அதற்காக நிகோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டவர்கள், நிகோட்டின் சூயிங்கம் மென்றவர்கள். பேட்ச் வழியாகப் போனாலும் நிகோட்டின் நிகோட்டின்தான். கல்லீரல் அதையும் கோட்டினின் ஆக்கிவிடும், ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வரும். இவர்களுக்காகவே இன்னொரு பரிசோதனை இருக்கிறது. புகையிலை இலையில் அனபசின் என்றொரு பொருள் உண்டு. பேட்ச்சிலும் கம்மிலும் அது கிடையாது. சிறுநீரில் கோட்டினின் இருந்து அனபசின் இல்லையென்றால் ஆள் பேட்ச்சோ கம்மோ எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பதும் உண்டு, ஆனால் அதன் ஞாபகம் ஒரு நாளைக்கு மேல் போகாது. பேட்ச் போட்டிருப்பவர்கள் எந்தப் பரிசோதனை என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. சில திட்டங்களுக்குச் சிகரெட்டை விட்டால் போதும்; சிலவற்றில் நிகோட்டினே கூடாது.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். டென்மார்க்கில் தன்னார்வலர்களின் தோலில் சிறு வெட்டுகள் போட்டு ஆறுவதைக் கவனித்த ஒரு சோதனை 2003இல் வெளியானது. புகைப்பவர்களின் காயங்களில் 12 சதவீதம் சீழ்பிடித்தன. ஒருபோதும் புகைக்காதவர்களுக்கு 2 சதவீதம். நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்களுக்கு இது நன்றாகக் குறைந்தது. அவர்களில் பாதிப்பேர் நிகோட்டின் பேட்ச் போட்டிருந்தார்கள், மற்றவர்கள் மருந்தில்லாத போலி பேட்ச். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காயத்தைக் கெடுப்பதில் பெரிய குற்றவாளி புகை. பரிசோதனை பிடிப்பதோ நிகோட்டினின் தடத்தை. லேப்புக்குப் பிடிக்க எளிதானது எதுவோ அதுவே விதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தோலில் போட்ட சிறு வெட்டும் வயிற்றுக்குள் போடும் தையலும் ஒன்றல்ல, நிகோட்டினும் ரத்தக்குழாயைச் சுருக்கத்தான் செய்கிறது என்று மருத்துவர்கள் பதில் சொல்வார்கள். அதையும் ஒதுக்கிவிட முடியாது.

அந்தத் தையல் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எடை குறைக்கச் செய்யும் பைபாஸ் ஆபரேஷனில் (இதய பைபாஸ் அல்ல) இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை செய்கிறார்கள், சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும். மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் துண்டையும் ஒதுக்கிவிட்டு, சிறுகுடலின் அடுத்த பகுதியை நேராக இழுத்துவந்து இந்தப் பையோடு இணைக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட அந்த முதல் துண்டு அமிலத்தைத் தாங்கப் பிறந்தது. காரத்தன்மையுள்ள சளியும் கணையநீரும் அங்கே அமிலத்தைத் தணிக்கும். இப்போது பையோடு சேர்ந்திருக்கும் குடலுக்கு அந்தக் கவசம் கிடையாது. பை சிறியதுதான், ஆனாலும் கொஞ்சம் அமிலம் சுரக்கும். அது சொட்டுவது நேராக இந்த இணைப்பின் மேல்.

அந்த இடம் பிழைத்திருக்க ஒரே வழி நல்ல ரத்த ஓட்டம். ரத்தம் வந்தால்தான் சளிப்படலம் ஊறும், தேய்ந்த செல் புதுப்படும், தையல் கூடும். சிகரெட் இங்கே ஒன்றிரண்டு வழியிலா கெடுக்கிறது! நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், வரும் கொஞ்ச ரத்தமும் குறைந்த ஆக்சிஜன் சுமையோடு வருகிறது. புகையில் இருக்கும் ஹைட்ரஜன் சயனைடு, வந்து சேர்ந்த ஆக்சிஜனையும் செல் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. சளிப்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் வேறு குறைகிறது. விளைவு, இணைப்பின் விளிம்பில் புண். சில சமயம் அது ஓட்டையாகி, நள்ளிரவில் அவசர ஆபரேஷனில் போய் முடியும்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் முறையில் இந்த இணைப்பு இல்லை. ஆனால் வெட்டிய விளிம்பை மூடும் நீளமான ஸ்டேப்ளர் கோடு ஒன்று இருக்கிறது, அதுவும் ஆறத்தான் வேண்டும். நுரையீரல் சங்கதி எந்த ஆபரேஷனுக்கும் பொதுவானது: மூச்சுக்குழாயைத் துடைக்கும் நுண்மயிர்கள் புகையில் படுத்துக் கிடக்கும், விட்ட பிறகு சில வாரங்களில் எழுந்து வேலை செய்யும்.

இனி, எடை. விட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறார்கள், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள்; கதை அதோடு முடியவில்லை. நிகோட்டின் மூளையின் ஹைப்போதாலமஸில் ‘வயிறு நிறைந்தது’ என்று சொல்லும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகவும் எரிக்க வைக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நின்றுபோனால் ஏறாமல் என்ன செய்யும்? அனுமதிக்கு முன் கண்காணிக்கும் மாதங்களில் எடை ஏறக் கூடாது என்று சில திட்டங்கள் நிபந்தனை வைப்பதால், விண்ணப்பித்தவருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கம்பி தளர்வாக இருப்பது இந்த இடத்தில்தான். பூப்ரோபியான் என்ற மாத்திரையில் நிகோட்டின் இல்லை, அதனால் கோட்டினின் ஏறாது. சிகரெட் ஆசையை அடக்குவதோடு எடை ஏறுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடும். இதே மருந்தை நால்ட்ரெக்சோனோடு சேர்த்து 2014இல் அமெரிக்காவில் எடை குறைப்பு மாத்திரையாகவே அனுமதித்தார்கள். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இன்னொன்று வரெனிக்ளின். மூளையில் நிகோட்டின் உட்காரும் நாற்காலியில் இது பாதி உட்கார்ந்துகொள்ளும்; கொஞ்சம் திருப்தியும் தரும், சிகரெட் வந்தால் இடமும் கொடுக்காது. இதுவும் ரிப்போர்ட்டைக் கெடுக்காது. எதை எடுப்பது என்பதை மருத்துவரிடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காபி குடிப்பவர்களுக்கு ஒன்று. சிகரெட் புகையின் தாரில் இருக்கும் பொருட்கள் காஃபீனை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். விட்டவுடன் நொதி தணிந்துவிட, வழக்கமான இரண்டு கப் காபியே ரத்தத்தில் அதிகநேரம் நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. “சிகரெட் இல்லாமல் முடியவில்லை” என்று அதைத் தவறாகப் புரிந்துகொண்டு திரும்பிப் போனவர்கள் இருப்பார்கள். முதல் வாரத்தில் காபியைப் பாதியாக்கிப் பார்க்கலாம்.

மூளைக்கு நாள்காட்டி தனி. பல வருடம் நிகோட்டினுக்குப் பழகியதால் அங்கே அந்த நாற்காலிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். அவை புகைக்காதவரின் அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரங்கள் பிடிக்கும். ரிப்போர்ட் சுத்தமாக ஒரு வாரம், காயம் சுமாராக ஆறும் நிலைக்கு நான்கு வாரம், மூளை அடங்க மூன்று மாதம். இன்ஷூரன்ஸ் ஃபைலுக்குள் போவது இதில் முதலாவது மட்டும்.

அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்டவர்களை ஏழு ஆண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் புகைத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்தில் அது 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஏழாம் ஆண்டில் பார்த்தால் மறுபடியும் 14. அனுமதி கிடைத்தபின் கோட்டினின் ரிப்போர்ட்டை இன்ஷூரன்ஸ் கேட்பதில்லை. இணைப்பில் புண் வருவதற்கோ காலக்கெடு கிடையாது, ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் வரும். மாத்திரைக்கு அது அடங்காமல், இணைப்பை வெட்டி மறுபடி தைக்க வேண்டிய நிலை வந்தால், அந்த ஆபரேஷனுக்கு முன் முதல் வேலையாக ரத்தம் எடுத்துக் கோட்டினின் பார்ப்பார்கள்.