திராவகம்: உலோகம் கரைந்த இடத்தில் பிறந்த சொல்

எங்கள் திருவல்லிக்கேணித் தெருவுக்கு "பினாயில்... ஆசிட்..." என்று குரல் கொடுத்தபடி சைக்கிளில் ஒருவர் வருவார். பாட்டி வாசலுக்குப் போய், "திராவகம் ஒரு பாட்டில் குடுப்பா" என்பார். உள்ளே பாடம் படித்துக்கொண்டிருக்கும் அக்கா மகளின் புத்தகத்தில் அதுவே 'ஹைட்ரோகுளோரிக் அமிலம்'. ஒரே பாட்டிலுக்கு ஒரே வீட்டில் மூன்று பெயர். எது சரி, எது தமிழ் என்று அவள் கேட்டாள்.

முதலில் அமிலம். வடமொழியில் 'அம்ல' என்றால் புளிப்பு. 'ம்ல' என்று மெய்யைச் சேர்த்துச் சொல்வது தமிழ் வாய்க்கு ஒத்துவராது. அதனால் நடுவில் ஓர் இகரம் நுழைந்து 'அமிலம்' ஆனது. அக்னி அக்கினி ஆனதும் இப்படித்தான். ஆசிட் என்பதற்கும் மூலம் புளிப்புதான், அது லத்தீனிலிருந்து வந்தது. ஆக இரண்டுமே நாக்கு வைத்த பெயர்கள். எலுமிச்சையை நக்கிப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்றே சொல்லலாம்.

திராவகம் அப்படி இல்லை. நமக்குத் தெரிந்த 'திரவம்' என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. திரவம் என்றால் ஓடுவது, இளகியது. திராவகம் என்றால் இளகச் செய்வது, கரைப்பது. இந்தப் பெயர் சுவையைப் பற்றிப் பேசவே இல்லை. ஓர் உலோகத்தை இதில் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம் உண்டு என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

ஒருநாள் குளியலறை கழுவுகிற அவசரத்தில் அந்த ஆசிட்டைத் துத்தநாகம் பூசிய பழைய இரும்பு வாளியில் ஊற்றிவிட்டோம். 'ஸ்ஸ்' என்று நுரை பொங்கியது. வாளியின் சுவரெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழ்கள், ஒன்று உடைவதற்குள் அடுத்தது. கொட்டிக் கழுவிப் பார்த்தால் உள்ளே இருந்த வெள்ளிப் பளபளப்பு போய்க் கறுத்துக் கிடந்தது. சில நாளில் அங்கெல்லாம் துரு ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் இருக்கின்றன. துத்தநாகம் ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. துத்தநாகக் குளோரைடு என்ற உப்பாக நீரில் கரைந்துபோகிறது. இடம் இழந்த ஹைட்ரஜன் குமிழாகக் கிளம்புகிறது. அதைச் சோதனைக் குழாயில் பிடித்து எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று வெடிக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி கேவன்டிஷ் 1766-இல் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலத்தில் போட்டு இதே வாயுவைத்தான் சேகரித்தார், 'எரியும் காற்று' என்றார். எரிந்தால் நீராகிறது என்பதால் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயும் அவருடைய தோழர்களும் 'நீரைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் ஹைட்ரஜன் என்று பெயரிட்டார்கள். நம்மவர்கள் 'நீரியம்' என்றது இதை ஒட்டித்தான்.

இன்னொரு சங்கதி. லவாய்சியே ஆக்சிஜனுக்கு வைத்த பெயரின் பொருள் 'புளிப்பைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி காட்டினார். அமிலத்துக்கு வேண்டியது ஹைட்ரஜன்தான். ஆனால் பெயர் ஆக்சிஜனிடமே நின்றுவிட்டது.

சரி, எல்லா உலோகமும் துத்தநாகம் போல ஹைட்ரஜனைத் தள்ளுமா? இல்லை. மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு ஆகியவை தள்ளும். செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றுக்கும் ஹைட்ரஜனைத் தள்ளும் வலு கிடையாது. அப்படியானால் வெள்ளிக்கிழமை பாட்டி புளி போட்டுத் தேய்க்கும், பெரும்பகுதி செம்பாலான பித்தளை விளக்கு எப்படிப் பளிச்சென்று ஆகிறது? அங்கே குமிழ் வருவதில்லை, பார்த்திருப்பீர்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், பித்தளையின் மேல் படிந்த கறுப்பு ஆக்சைடைத்தான் கரைக்கிறது, அடியிலிருக்கும் செம்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் அதே பித்தளையில் ரசத்தை ஊற்றி மணிக்கணக்கில் வைத்தால் கதை வேறு. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை முதலில் பிடிக்கும், அப்புறம் புளி அதைக் கரைக்கும், பச்சையாகக் களிம்பு ஏறும். அதனால்தான் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். பெயர்தான் ஈயம், பூசியது வெள்ளீயம். களிம்பு என்று இன்று மருந்துக் கடையில் கேட்டால் தோலில் தடவும் மருந்தைத் தருவார்கள். சைவ சித்தாந்தத்திலோ செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியது ஆணவம்.

தங்கத்தைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, நைட்ரிக் அமிலம் 1 பங்கு சேர்ந்த கலவை வேண்டும். அதன் பெயர் இராஜ திராவகம். பாடப் புத்தகம் மற்றதையெல்லாம் அமிலம் ஆக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் திராவகமாகவே விட்டுவைத்திருக்கிறது. தங்கத்தையே கரைப்பதற்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைக்காது.

ஆனால் அமிலம், திராவகம் இரண்டும் வடமொழி. அவள் கேட்டது தமிழ்ச்சொல். 'காடி' என்று ஒன்று இருக்கிறது. புளித்த கஞ்சி நீருக்குக் காடி என்று பெயர், "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்ற பழமொழியில் வருவது அதுதான். தனித்தமிழ் எழுதுகிறவர்கள் கந்தக அமிலத்தைக் கந்தகக் காடி என்பார்கள். 'புளிமம்' என்றும் ஒரு சொல் புழங்குகிறது, பொருள் பளிச்சென்று தெரியும், ஆனால் அது ஆக்கிய சொல். காடி சமையலறையில் வாழ்ந்த சொல், புளிப்பும் அதில் உண்டு, அதனால் என் ஓட்டு காடிக்குத்தான். தேர்வில் அமிலம் என்றே எழுது, அதற்குத்தான் மதிப்பெண் என்று அவளிடம் சொன்னேன். அவள் அமிலம் என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் 'காடி' என்றும் குறித்துக்கொண்டாள்.