கொழுப்புக்காக வரிசையில் நின்றவர்கள்

1970-களில் சீன நகரம் ஒன்றின் கறிக்கடை. விடிவதற்கு முன்பே வரிசை. காசு இருந்தால் மட்டும் போதாது, ரேஷன் கறிக் கூப்பனும் வேண்டும். முறை வந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கொழுப்பாகப் பார்த்துப் போடுங்க." பன்றியின் முதுகுக் கொழுப்பு கிடைத்தால் அன்றைக்கு யோகம். அதை உருக்கி ஜாடியில் ஊற்றி வைத்து, கீரை வதக்க ஒரு கரண்டி, சுடுசோற்றில் கொஞ்சம் என்று நாளைக் கடத்துவார்கள். வெறும் சதையை வாங்கி வந்தால் வீட்டில் திட்டுதான்.

1955-இல் வந்த தானியக் கூப்பன் 1993-இல் ஒழிந்தது. இடையில், 1978-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் சாப்பாட்டுத் தட்டையே மாற்றிவிட்டது. 1982-இல் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்த எண்ணெய் சுமார் 18 கிராம். 2012-இல் 42.

இதற்குப் பின்னால் ஒரு பயறு இருக்கிறது: சோயா. கையில் காசு வந்ததும் மக்கள் கறி கேட்டார்கள். கறிக்குப் பன்றி வேண்டும், பன்றிக்குப் புண்ணாக்கு வேண்டும். 1990-களின் நடுவிலிருந்து வெளிநாட்டு சோயா கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சோயாவைப் பிழிந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், மிச்சம் பெரும்பாலும் புண்ணாக்கு. பன்றிக்குத் தீனி தேடப்போக, அடுப்படிக்கு மலிவான எண்ணெயும் வந்து சேர்ந்தது. சைக்கிள் போய் கார் வந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்லது நடக்கவில்லையா? நடந்தது. 1985-க்குப் பிறகு உலகிலேயே அதிகம் உயரம் கூடியது சீனப் பையன்களுக்குத்தான். கூப்பன் காலத்து அரைவயிற்றை 'ஆரோக்கிய உணவு' என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் 1980-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த சர்க்கரை நோய், 2013-இல் பெரியவர்களிடையே 11 சதவீதத்தைத் தொட்டது. (கண்டறியும் அளவுகோல் நடுவில் மாறியது உண்மைதான். அதனால் மட்டும் இவ்வளவு ஏறாது.)

உடம்புக்குள் நடப்பது இதுதான். மிஞ்சிய கொழுப்பை முதலில் தோலுக்கடியில் சேமிக்கிறோம். ஆசியர் பலருக்கு அந்தக் கிடங்கு சின்னது. அது நிரம்பியதும் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் தசையிலும் போய்ப் படியும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடாது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும், ஒரு கட்டத்தில் களைத்துவிடும். ஆள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் இது நடக்கலாம். அதனால்தான் உலக அளவில் உடல் எடைக் குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 25-ஐ எட்டினால் 'அதிக எடை' என்றால், சீனாவில் 24-லேயே கோடு போட்டுவிட்டார்கள்.

1959 முதல் 1961 வரை அங்கே கொடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தச் சர்க்கரை கூடும் அபாயம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பஞ்சம் கடுமையாக இருந்த ஊரில் பிறந்து, பிறகு வசதியாகச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் அதிகம். தாய் பட்டினி கிடந்தால் கரு மூளைக்கு முதலிடம் கொடுத்து, கணையத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைவாகவே உருவாகின்றன. வறுமையில் அவ்வளவே போதும். 42 கிராம் எண்ணெய்க்குப் போதாது.

அந்தக் கருவில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள். 2020-இல் வெளியான அரசு அறிக்கைப்படி 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 19 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன். பல வீடுகளில் பேரப்பிள்ளைக்குச் சோறு போடுவது அந்தப் பாட்டிதான். கிண்ணம் காலியானால் அவர் கை சும்மா இருக்காது, இன்னும் ஒரு துண்டு கறியை எடுத்து வைக்கும்.