கிராஸ் புறாவுக்கு என்ன விலை?

இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்துத் தெருப் பையன் ஒரு பெட்டைப் புறாவைக் கொண்டுவந்தான். "அண்ணா, இது லக்காவா, சாதாவா? எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டான். வெளிர் சாம்பல் உடம்பு, இறக்கையில் செங்கல் நிறப் பட்டை. வாலை விரித்து எண்ணினேன்: 16 இறகு. சாதாப் புறாவுக்குப் பெரும்பாலும் 12தான் இருக்கும், வாலை விசிறி போல விரிக்கும் நல்ல லக்காவுக்கு 30ஐத் தாண்டும். ஒரு பக்கம் லக்கா ரத்தம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பின்தலையில் சின்னதாக ஒரு கொண்டையும் இருந்தது.

சந்தையில் 'கிராஸ்', அதாவது கலப்பினம், என்ற ஒரு சொல்லிலேயே விலை இறங்கிவிடும். ஆனால் இந்தப் புறாவின் வாலும் கொண்டையும் இரண்டு வேறு கதைகளைச் சொல்கின்றன.

வால் இறகின் எண்ணிக்கையைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் லக்காவையும் சாதாவையும் சேர்த்தால் குஞ்சின் வால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். மறுபடி சாதாவோடு சேர்த்தால் இன்னும் குறையும். கொண்டை அப்படியல்ல. பின்தலை இறகு கீழ்நோக்கிப் படியாமல் மேல்நோக்கி வளர்வதற்கு ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்தார்கள். அது ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் கொண்டை முளைக்கும். ஆக, அந்தப் பையனின் புறாவுக்குக் கொண்டை இருக்கிறது என்றால், அதன் சாதாப் பெற்றோரும் கொண்டையைத் தனக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறது!

கர்ணப் புறாவிலும் இதே கதைதான். கரணம் அடிக்கும் புறாவை ஹோமர் என்ற பந்தயப் புறாவோடு சேர்த்தால் குஞ்சுகள் பொதுவாகக் கரணம் அடிப்பதில்லை. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று அதைக் கழித்துக் கட்டுவார்கள். எனக்கு அது மனசு கேட்காது. அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் பேரக்குஞ்சுகளில் சில கரணம் அடிக்கும். பண்பு எங்கும் போய்விடவில்லை, ஒரு தலைமுறை ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

சார்லஸ் டார்வின் இதை நேரிலேயே பார்த்தார். லண்டனில் இரண்டு புறா சங்கங்களில் உறுப்பினராகச் சேர்ந்து, வீட்டிலேயே பல இனங்களை வளர்த்தவர் அவர். வெள்ளை லக்காவையும் பார்ப் என்ற இனத்தின் கறுப்புப் புறாவையும் சேர்த்தார். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டான குஞ்சுகள் வந்தன. அவற்றை மறுபடி தங்களுக்குள் சேர்த்தபோது, காட்டு மாடப்புறாவைப் போலவே நீலச் சாம்பல் உடம்பும் இரண்டு கறுப்புப் பட்டையுமாக ஒரு பேரக்குஞ்சு வந்தது. வளர்ப்புப் புறாக்கள் எல்லாம் மாடப்புறாவின் வம்சம் என்ற தன் வாதத்துக்கு, 1859இல் வெளியிட்ட நூலில் இதையும் சாட்சியாக வைத்தார்.

நிறத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. அடிப்படை நிறத்தின் மரபணு இசட் என்ற பால் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான், அதுவும் தகப்பனிடமிருந்து வருவது. அதனால் ஆண் புறா பையனின் பெட்டையைப் போலச் செம்பட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே நீலத்தை ஒளித்து வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட ஆணின் இறக்கையிலும் வாலிலும் மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள் பல நேரம் தெரியும். பெட்டையிடம் இந்த ஒளிவு மறைவு கிடையாது. வெள்ளை போன்ற வேறு நிறம் மேலே மூடாதவரை, அதன் உடம்பில் தெரியும் நிறம்தான் அதனிடம் உள்ள நிறம்.

பந்தயப் புறா உலகில் பெரும்பணம் போவதும் கண்ணுக்குத் தெரியாத இந்த வம்சத்துக்குத்தான். 2020 நவம்பரில் பெல்ஜியத்தின் நியூ கிம் என்ற இரண்டு வயதுப் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட புறா. அந்த விலை அது போடப்போகும் முட்டைக்குக் கொடுத்த விலை.

சரி, வம்சம் தெரியாத கிராஸ் புறாவை எப்படிப் பார்ப்பது? முதலில் கையில் எடுங்கள். மார்பெலும்பு கத்தி முனை போலக் குத்தக்கூடாது, இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல ஏதும் ஒட்டியிருந்தால் அது தொற்று, எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அப்புறம் இறக்கையை விரியுங்கள். வெளிப்பக்கம் 10 பெரிய இறகு இருக்கும். இளங்குஞ்சு அவற்றை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்க்கும் என்பதால், எத்தனை புதிதாக முளைத்திருக்கிறது என்று பார்த்தாலே வயது ஏறக்குறையப் பிடிபடும். கண்ணின் வளையத்தைப் பார்த்தே பறக்கும் திறமையைச் சொல்லிவிடலாம் என்பார்கள். கண் நிறத்துக்கு மரபணுக் காரணம் இருப்பது உண்மை. அதற்காகக் கண்ணை மட்டும் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பையனிடம் "இப்போதைக்கு விற்காதே" என்று சொல்லி, என்னிடம் இருந்த கொண்டை வைத்த நீலச் சாம்பல் ஆணை ஜோடி சேர்க்கக் கொடுத்தேன். இரண்டு முட்டை விழுந்திருக்கிறது. அடைகாத்து 17, 18 நாளில் பொரிந்துவிடும். செம்பட்டையாக வருவது ஆண், நீலச் சாம்பலாக வருவது பெட்டை, எதுவானாலும் கொண்டை இருக்கும் என்று அவன் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.