ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவும் தடம் மாறும் இதயத் துடிப்பும்

சிறு வயதிலேயே நடை தள்ளாடத் தொடங்கிய பிள்ளையை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவரும் பெற்றோர், அதே நோய் இதயத்தையும் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் இதயப் பிரிவுக்கு வந்த பிறகுதான் அறிகிறார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரைக் 1863இல் விவரித்த, உடலின் ஒருங்கிணைப்பைக் குலைக்கும் ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற இந்நோயில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்வதால் ஃப்ராடாக்சின் என்ற புரதம் குறைந்து, செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நலிகின்றன. ஓயாமல் உழைக்கும் இதயத் தசை அதைத் தாங்காமல் முதலில் தடிக்கிறது, பின்னர் தழும்பேறுகிறது. தழும்பேறிய தசையில் மின்னோட்டம் சீராகப் பாயாது. இந்நோயாளிகளின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இதயப் பாதிப்பே.

நரம்புக் குறைபாடே இதயக் கோளாறை மறைத்துவிடுவதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல். சக்கர நாற்காலியில் இருப்பவர் மாடிப்படி ஏறுவதில்லை என்பதால் மூச்சிரைப்பு வெளியே தெரிவதில்லை. மயங்கி விழுந்தாலும், வழக்கம்போலத் தடுமாறி விழுந்ததாகவே வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்ததா, நினைவு தப்பியதா என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பது அதனால்தான்.

அதிகம் காணப்படுவது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவே உறைவெதிர்ப்பு மருந்து தேவைப்படும். அடிக்கடி விழுகிறார், அடிபட்டால் இரத்தம் கசியும் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுப்பது சரியல்ல என்பது என் கருத்து. இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கினால், கீழறைகளில் எழக்கூடிய உயிராபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் ஐசிடி கருவியைப் பொருத்துவது குறித்துக் குடும்பத்துடன் பேச வேண்டியிருக்கும். 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒமாவெலாக்சோலோன் மருந்து நரம்புப் பாதிப்புக்கானது. இதயக் கண்காணிப்புக்கு அது மாற்றாகாது.

தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை ஈசிஜி, எக்கோ பரிசோதனைகளும், படபடப்பு இருந்தால் நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் பதிவும் அவசியம். இந்நோயால் வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பு இவை கட்டாயம். இன்னொன்று: இந்நோயில் ஈசிஜியின் டி அலைகள் தலைகீழாக இருப்பதும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு இரத்தத்தில் எப்போதும் சற்றுக் கூடியிருப்பதும் உண்டு. பழைய ஈசிஜியின் நகல் கைவசம் இருந்தால், அவசரப் பிரிவு மருத்துவர் அவற்றைப் புதிய மாரடைப்பு என்று எண்ணிக் குழம்பாமல், உண்மையில் மாறியிருப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.