விளக்கை அணைத்துவிட்டு கேபினெட் பாருங்கள்

"அண்ணா, கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல ஃபேன் கத்துது. அப்புறம் எல்லாம் இழுத்து இழுத்துப் போகுது."

ஆவடியிலிருந்து பைக்கில் நண்பனின் மடியில் வைத்துக் கொண்டுவந்த சிபியுவை ஒரு தம்பி என் கடை மேசைமேல் இறக்கினான். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று அவனே முடிவுகட்டி வந்திருந்தான். முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, அதற்குள் வானவில் போல் சுழலும் மூன்று ஃபேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

கேமை ஓடவிட்டுப் பார்த்தேன். பிராசசர் 91 டிகிரி. கீழ் விளிம்பில் கைவைத்து இழுத்து முன்பலகையைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பெரும்பாலான மலிவு கேபினெட்டுகளில், அதாவது சிபியுவின் வெளிப்பெட்டிகளில், அது பிளாஸ்டிக் கிளிப்பில்தான் நிற்கும், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் 78க்கு இறங்கியது. வேறு எதையும் தொடவில்லை. ஃபேன் மூன்றும் இத்தனை நாளாக இழுக்கக் காற்றில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் கேபினெட்டை விளக்கு எரியவிட்டுத்தான் காட்டுவார்கள். அதை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு செல்போன் டார்ச்சை முன்பலகைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஓட்டைகள் வழியே தாராளமாக வந்தால் காற்றும் வரும். சில மாடல்களில் வெளியே வலை மாதிரி இருக்கும், உள்ளே முழுத் தகடு. டார்ச்சில் அந்த வேஷம் கலைந்துவிடும். மே மாதத்து மதியம் அறையே 38 டிகிரியில் கொதிக்கும் ஊரில், மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வலை முகப்புதான். கண்ணாடி ஆசை இருந்தால் பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஃபேன் மூன்று இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். அதன் வயரைப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போடுவோமே, அந்தப் பெரிய நாலு முனை மோலக்ஸ் பிளக் இருந்தால், சிபியு ஓடும்வரை அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். மதர்போர்டால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விளக்கு வயரிலும் ஒரு கண்ணி உண்டு. ஆர்ஜிபி, அதாவது எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் எரியும் வகை என்றால் நாலு முனை, 12 வோல்ட். ஏஆர்ஜிபி, அதாவது விளக்குக்கு விளக்கு நிறம் மாறும் வகை என்றால் மூன்று முனை, 5 வோல்ட். அவசரத்தில் 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் முனையில் திணித்து மொத்த விளக்கையும் கருக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நீல நிற யுஎஸ்பி துளையையும் நம்பிவிடாதீர்கள். உள்ளே அதன் வயர் தடித்து, முனையில் 19 பின்னுக்கான அகலமான பிளக் இருந்தால்தான் அது வேகமான யுஎஸ்பி 3. மெல்லிய வயரும் சின்ன ஒன்பது முனை பிளக்கும் என்றால், பழைய யுஎஸ்பி 2க்கு நீலச் சாயம் பூசியிருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸோடு (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்த்துத் தரும் கேபினெட் பற்றி ஒரே வரி: கேமிங்குக்கு அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாதீர்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வருகிறேன். அது டெம்பர்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி. அதன் நடுவில் தட்டினால் சுலபத்தில் ஒன்றும் ஆகாது. அதன் உயிர் ஓரத்தில் இருக்கிறது. தூசி தட்டக் கழற்றிய கண்ணாடியை ஒரு வாடிக்கையாளர் வீட்டுத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார். விழவில்லை, மூலை மட்டும் டைல்ஸில் லேசாக 'டிக்' என்று இடித்திருக்கிறது. அடுத்த நொடி அறை முழுக்கக் கற்கண்டு போலச் சிதறல். டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, அந்தச் சின்ன இடி போதும். கழற்றினால் மெத்தைமேல் படுக்கப் போடுங்கள்.

கடைக்கு அதிகம் வரும் இன்னொரு புகார், "கேபினெட்ல ஷாக் அடிக்குது." வெறுங்காலோடு உட்கார்ந்து பின்பக்க ஸ்க்ரூவையோ யுஎஸ்பி உலோகத்தையோ தொட்டால் சுரீர் என்கிறது. பெயின்ட் உள்ள இடத்தில் தெரியாது. கேபினெட் மட்டம் என்று கடையோடு சண்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் குற்றம் சுவரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த் வயரில் இறங்கிப் போக வேண்டும். இரண்டு பின் அடாப்டரிலோ, எர்த் இழுக்காத பிளக் பாயிண்டிலோ செருகினால் அதற்குப் போக வழியில்லை. 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட் தகட்டிலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு நிற்கிறது. ஆனால் காலுக்கடியில் ரப்பர் பாய் போடுவது தீர்வல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். வெறும் சுரீராக இல்லாமல் பலமாகவே அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரிபார்க்கும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆவடித் தம்பிக்குப் புது கேபினெட் விற்றிருக்கலாம், விற்கவில்லை. முன்பலகையைக் கழற்றியே ஓட்டு, வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் தட்டு என்று அனுப்பினேன். "பார்க்க மொட்டையா இருக்குமேண்ணா" என்று முகம் சுருங்கியது. போன வாரம் மவுஸ் வாங்க வந்தபோது கேட்டேன். கண்ணாடி கட்டிலுக்கடியில் இருக்கிறதாம். கூட்டாளிகள் வரும்போது மட்டும் எடுத்து மாட்டுகிறானாம்.