ஆர்.ஓ.: பரவலா, உந்தலா?

ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததிலிருந்து கடலாடிப் பக்கம் 'ஆர்.ஓ. தண்ணி' வீட்டுச் சொல். விரித்தால் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். பாடநூல் தமிழில் எதிர்ச் சவ்வூடு பரவல். 'சவ்வூடு' அருமையான ஆக்கம். 'பரவல்'தான் இடறுகிறது; மூலச்சொல்லில் பரவல் இல்லை.

அது கிரேக்க 'ஓஸ்மோஸ்'. பொருள், உந்துதல். 1820களில் பிரெஞ்சு அறிஞர் துத்ரோஷே அதிலிருந்து 'எண்டோஸ்மோஸ்' என்று பெயரிட்டார். 1854இல் தாமஸ் கிரகாம் 'ஆஸ்மோஸ்' என்று சுருக்கினார்.

கருவாட்டுத் தொட்டியில் ஆஸ்மோசிஸைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பிட்டு அடுக்கினால், சில மணி நேரத்தில் அடியில் நீர் கட்டும். உப்புக் குறைந்த சதையை விட்டு உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் தானே இறங்குகிறது.

ஆர்.ஓ.வில் நீரை மறுதிசையில் தள்ள வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் சவ்வூட்டழுத்தம், அதாவது நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் வலு, ஏறத்தாழ 27 பார் (பார் என்பது அழுத்த அலகு). பம்பு அதை மிஞ்ச வேண்டும். 55 முதல் 70 பார் வரை கொடுப்பார்கள். ஏன் இவ்வளவு? 100 லிட்டரில் 40 லிட்டர் நன்னீர் எடுத்தால், மிச்ச 60 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 58 கிராமாக ஏறி, எதிர்ப்பும் கூடுகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆய்வாளர்கள் லோபும் சௌரிராஜனும் 1960 வாக்கில் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்த பிறகே இது நடைமுறைக்கு வந்தது. சவ்வுக்குள் நீர் கரைந்து பரவிக் கடக்கிறது என்பதே பின்னர் நிலைத்த விளக்கம். 2023இல் யேல் பல்கலைக்கழகப் பொறியாளர் எலிமெலெக் குழு அதை மறுத்தது: அழுத்தம் தள்ள, நீர் நுண்துளைகள் வழியே பாய்கிறது. அப்படியானால் 'சவ்வூடு உந்தல்' என்பதே நேரான தமிழ். கிரேக்க வேருக்கும் பொருந்தும்.

இன்றைய பாலிஅமைடு சவ்வுக்குக் குளோரின் ஆகாது. அதனால் சவ்வுக்கு முன்பே சோடியம் மெட்டாபைசல்பைட்டு கலந்து அதை நீக்குவார்கள். சவ்வைக் கடந்து வரும் நன்னீரின் வரத்தும் அதன் டி.டி.எஸ்.ஸும் (கரைந்த உப்பின் அளவு) சேர்ந்து ஏறினால் குளோரினால் சவ்வு அரிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். வரத்து மட்டும் 10 சதவீதம் குறைந்தால் அடைப்பு: நுண்ணுயிர்ப் படலத்துக்குக் காரம், சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம் விட்டுக் கழுவ வேண்டும்.

பம்பை நிறுத்தியதும் உந்தல் நின்று பழைய ஆஸ்மோசிஸ் தொடங்கிவிடும். எடுத்த நன்னீர் சவ்வு வழியே உப்புப் பக்கத்துக்கே திரும்பும். அதற்காகத்தான் நிறுத்தும்போது நன்னீரால் அலசச் சொல்கிறார்கள்.