ஒருவர் விலகினால் அந்த 15 குடும்பங்கள் யாரிடம் போகும்?

அமெரிக்காவில், பாதுகாப்பற்ற நிலையில் உள்ள குழந்தைகளின் குடும்பங்களைக் கவனிக்கும் குழந்தை நலப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 முதல் 40 சதவீதம் பேர் வேலையை விடுகிறார்கள், சராசரியாக ஒருவர் இரண்டு ஆண்டுகூட நீடிப்பதில்லை என்று 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. சம்பளம் ஒரு காரணம்தான். ஆனால் ஒரே சம்பளம் தரும் கிளைகளுக்குள்ளும் சிலவற்றில் ஆள் நிற்பதும் சிலவற்றில் நிற்காததும் ஏன் என்று கேட்டால், பணிச்சூழலைப் பார்த்தாக வேண்டும்.

ஐந்து பேர், ஆளுக்கு 15 குடும்பங்கள் என்று ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கு ஏறத்தாழ 19. இன்னொருவரும் போனால் 25. அமெரிக்கக் குழந்தை நலக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவோ 17. அப்புறம் வீடு தேடிப் போகும் நாள் தள்ளிப்போகும், நீதிமன்ற அறிக்கை தாமதமாகும், மேற்பார்வையாளர் குற்றம் மட்டுமே கண்டுபிடிப்பார். குழந்தையின் பாதுகாப்பைப் பார்ப்பதா, படிவத்தை முடிப்பதா என்ற இழுபறியில் வேலைமேல் உள்ள பற்று தேய்கிறது.

பற்றிலும் வகை உண்டு. பணியாளர் மனநிலையை ஆராய்ந்த மேயரும் ஆலனும் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: விருப்பத்தால் இருப்பது, விட்டால் இழப்பு என்பதால் இருப்பது, கடமை என்று இருப்பது. இரண்டாம் வகையினர் பதவி விலகல் கணக்கில் வரமாட்டார்கள். ஆள் இருப்பார், மனம் இருக்காது. விலகல் விகிதத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையும் நிர்வாகம் இங்கேதான் ஏமாறுகிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 32 குழந்தை நல அலுவலகங்களையும் 250 குழந்தைகளையும் மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் கிளிசனும் ஹெம்மல்கார்னும் 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒத்துழைப்பு, பொறுப்பில் தெளிவு, குறைந்த பூசல் உள்ள அலுவலகங்களில் குழந்தைகளின் நிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பைக் கூட்டியதால் அப்படி எதுவும் நடக்கவில்லை. சேவைத் தரம் சரியவே செய்தது. அதிகாரிகளுக்குப் பிடித்த மருந்து அந்த ஒருங்கிணைப்புதான் என்பது வேறு விஷயம்.

சூழலை மாற்றவும் முடிகிறது. கிளிசன் குழு 26 பணிக்குழுக்களில் செய்த சோதனையில், தடைகளைப் பணியாளர்களே கூடிப் பேசித் தீர்க்கப் பழக்கிய குழுக்களில் விலகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

பணிச்சூழலைக் கேள்வித்தாள் கொடுத்து அளக்கும்போது ஒரு கவனம் தேவை. சூழல் என்பது குழுவின் பொதுப் பார்வை. ஒருவருடைய மனக்குறை அல்ல. ஆகவே குழுவினரின் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகே குழுவின் சராசரியை எடுக்க வேண்டும். கேள்வித்தாளை மேற்பார்வையாளரே திரட்டினாலோ, எல்லாக் குழுவிலும் எல்லாம் நலமாகவே இருக்கும்.